காற்றின் கணக்கெழுதும் கல்பாசி

இன்று வீடு திரும்பியதும் அம்மாவிடம் கேட்டு, மசாலாப் பொருள்கள் வைக்கும் டப்பாவைத் திறந்து பாருங்கள். பட்டை, கிராம்பு, ஏலக்காய், அன்னாசிப்பூ ஆகியவற்றின் நடுவே, ஒருபுறம் சாம்பல் நிறமும் மறுபுறம் கருமையும் கொண்டு, காய்ந்து சுருண்ட காகிதத் துண்டுபோல ஒரு பொருள் கிடக்கும். செட்டிநாட்டுச் சமையல் பழகிய வீடாயின் அது கட்டாயம் இருக்கும். அதற்குத்தான் கல்பாசி என்று பெயர். தனியே முகர்ந்தால் அதில் பெரிதாக மணம் இராது. காய்ந்த எண்ணெயில் இட்டதும் அடுக்களை முழுவதும் மணக்கும்.

கல்பாசி என்னும் பெயர் அத்துணைப் பொருத்தமானதன்று. அது பாறையில் மட்டுமன்றி மரப்பட்டைகளிலும் வளர்கிறது. முழுவதும் பாசியும் அன்று. அறிவியல் நூல்கள் இவ்வகை உயிர்களை லைக்கன் என்று அழைக்கின்றன. இலைக்கன் என எழுதுவாரும் உளர். உலகில் ஏறத்தாழ 20,000 லைக்கன் இனங்கள் உள்ளன. இந்தியாவில் மட்டும் 2,500-க்கும் மேற்பட்டவை அறியப்பட்டுள்ளன. நாம் உண்ணும் கல்பாசி அவற்றுள் ஒன்று.

பள்ளி ஆய்வுக்கூடத்திலும் நீங்கள் லைக்கனைத் தொட்டிருக்கிறீர்கள். அமிலத்தில் சிவந்தும் காரத்தில் நீலமாகியும் காட்டும் லிட்மஸ் தாளின் சாயம் ரோசெல்லா முதலிய லைக்கன்களிலிருந்து எடுக்கப்பட்டதே. ஆய்வுக்கூடத்தில் அமிலத்தைக் காட்டிக்கொடுக்கும் இவ்வுயிர், வெளியே மரத்தின்மீது இருக்கையில் காற்றிலுள்ள நஞ்சையும் காட்டிக்கொடுக்கிறது. ஆயினும் இவ்விரண்டும் ஒன்றல்ல. லிட்மஸ் தாளில் நிறம் மாறுவது சாயம் மட்டுமே. மரத்தின்மீது மாற்றத்துக்கு உள்ளாவது ஓர் உயிரின் வாழ்வும் சாவும் ஆகும்.

வேரில்லை, தோலில்லை

லைக்கன் தனியோர் உயிரன்று. அஃதொரு கூட்டுக் குடித்தனம். பூஞ்சை ஒன்று வீட்டைக் கட்டி, ஈரத்தைப் பிடித்து வைத்து, பட்டையிலோ பாறையிலோ ஒட்டிக்கொள்கிறது. அவ்வீட்டின் உள்ளே பச்சைப்பாசியோ நீலப்பசும்பாசியோ குடியிருந்து, கதிரவன் ஒளியில் உணவு சமைக்கிறது. இவ்வுண்மையை 1867-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து நாட்டவரான சைமன் ஷ்வெண்டனர் எடுத்துரைத்தபோது, அந்நாளைய லைக்கன் வல்லுநர் பலர் சினங்கொண்டனர். இரண்டு உயிர்கள் சேர்ந்து ஓர் உயிர் போல வாழ்வதாவது என்று எள்ளினர். அவ்வாறு மறுத்தவர்களுள் ஒருவரைப் பற்றிப் பின்னர் காண்போம்.

வடிவத்தால் லைக்கன்களைப் பொருக்கு வகை, இலை வகை, புதர் வகை என மூன்றாகப் பிரிப்பர். சட்டியின் அடியில் ஒட்டிய சோற்றுப் பொருக்கைப் போலப் பட்டையோடு பட்டையாக ஒட்டியிருப்பது முதல் வகை. நம் ஊர்த் தென்னையிலும் கமுகிலும் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள் படர்ந்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். அவற்றுட் பல இவ்வகையைச் சேர்ந்தவை. மரத்துக்கு நோய் கண்டுவிட்டது என்று அஞ்சி அவற்றைச் சுரண்டுவோர் உண்டு. அது வீண் வேலை. லைக்கன் மரத்தை உண்பதில்லை. உட்கார இடம் கேட்கிறது, அவ்வளவே. விளிம்பு நிமிர்ந்து, இலைபோல் பரந்திருப்பது இரண்டாம் வகை. நமது கல்பாசி இதனைச் சார்ந்தது. கிளைத்துப் புதராக நிற்பதும், மலைக்காட்டு மரங்களில் தாடிபோலத் தொங்குவதும் மூன்றாம் வகை.

மாமரத்துக்கு வேருண்டு, மண் வடிகட்டித் தந்த நீரை அது பருகுகிறது. இலையின்மேல் மெழுகுத் தோலுண்டு. வேண்டும்போது திறந்து வேண்டாதபோது மூடும் இலைத்துளைகள் உண்டு. கெட்ட பொருள் இலையில் சேர்ந்தாலும், இலை உதிரும்போது அதுவும் கழிந்துபோகும். லைக்கனுக்கு இவற்றுள் ஒன்றுமில்லை. மழை, பனி, மூடுபனி, தூசி ஆகியவை கொண்டுவருவதையெல்லாம் உடல் முழுவதாலும் பஞ்சுபோல உறிஞ்சுகிறது. உதிர்க்க இலையில்லை, கழிக்க வழியில்லை. வளர்ச்சியோ மிக மெதுவானது. ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் வளர்ந்தால் அதிகம். பொருக்கு வகையுட் பல ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டுவதில்லை.

நிலக்கரியும் கந்தகம் மிகுந்த எண்ணெயும் எரியும்போது கந்தக டை ஆக்சைடு என்னும் வாயு வெளியேறுகிறது. ஈரமான லைக்கனில் அது கரைந்து அமிலமாகி, உள்ளிருக்கும் பாசியின் பச்சையத்தைச் சிதைக்கிறது. சமைப்பவர் மடிந்தால் வீடு கட்டியவருக்கு உணவேது? கூட்டுக் குடித்தனம் குலைகிறது. காற்றுக்கு உடலை மிகுதியாகக் காட்டி நிற்கும் புதர் வகை முதலில் மறைகிறது. அடுத்து இலை வகை. ஒட்டிக் கிடக்கும் பொருக்கு வகை கடைசிவரை தாக்குப்பிடிக்கிறது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கருத்திற் கொள்ளவேண்டும். லைக்கன் உலர்ந்திருக்கும்போது ஏறத்தாழ உறங்குகிறது. அந்நிலையில் நஞ்சும் அதனை எளிதில் தாக்குவதில்லை. நனைந்திருக்கும்போதுதான் அது வாழ்கிறது, வளர்கிறது, நஞ்சையும் ஏற்கிறது. ஐரோப்பிய நகரங்களில் குளிர்காலத்தில் மூடுபனியும் அடுப்புக் கரிப்புகையும் ஒருங்கே சூழ்ந்தன. லைக்கன் விழித்திருந்த வேளையிலேயே நஞ்சும் வந்தது. உலர்ந்த நாட்டைப் பற்றிப் பேசுகையில் இந்நுட்பம் மீண்டும் நமக்குத் தேவைப்படும்.

பாரிசின் பூங்காவும் கல்கத்தாவின் பட்டியலும்

பின்லாந்தில் பிறந்து பாரிசில் வாழ்ந்த வில்லியம் நைலாண்டர் என்னும் அறிஞர், 1866-இல் ஒரு செய்தியை வெளியிட்டார். பாரிசு நகரின் பிற பகுதிகளில் அரிதாகிவிட்ட லைக்கன்கள் லக்சம்பர்க் பூங்காவின் மரங்களில் மட்டும் செழித்திருந்தன. பூங்காவின் காற்று நல்ல காற்று என்பதற்கு லைக்கன்களே சான்று என்றும், காற்றின் தூய்மையை அவை அளந்து காட்டுகின்றன என்றும் அவர் கூறினார். முப்பது ஆண்டுகள் கழிந்தன. 1896-இல் அதே பூங்காவில் தேடியபோது அவர் கண்ட லைக்கன்கள் மறைந்துவிட்டிருந்தன. புகை பூங்காவையும் எட்டிவிட்டது. பின்னர் ஒரு நூற்றாண்டு அளவும் கடந்து, நகரின் புகை தணிந்தபின், அப்பூங்கா மரங்களில் லைக்கன்கள் மீண்டும் குடியேறியதை 1991-இல் ஆய்வாளர் பதிவு செய்தனர். நைலாண்டர் அன்று பட்டியல் எழுதியிராவிடில், போனதும் தெரிந்திராது, வந்ததும் தெரிந்திராது.

ஷ்வெண்டனரின் கூட்டுக் குடித்தனக் கொள்கையை இறுதிவரை மறுத்தவர்களுள் ஒருவர் இந்த நைலாண்டரே! லைக்கன் என்ன சொல்கிறது என்பதை முதலில் கேட்டவர், லைக்கன் யார் என்பதை ஏற்க மறுத்தார். அறிவியல் வரலாற்றில் இத்தகைய வேடிக்கைகள் பல உண்டு.

நம் நாட்டுக்கும் அவருக்கும் தொடர்புண்டு. கல்கத்தாவில் பணியாற்றிய குர்ஸ் என்னும் தாவரவியலார் அங்குத் திரட்டிய லைக்கன்களை ஆராய்ந்து, 1867-இல் நைலாண்டர் ஒரு பட்டியல் வெளியிட்டார். அப்பட்டியலை வைத்துக்கொண்டு, 2005-இல் லக்னோவிலுள்ள தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிலையத்தார் எழுதிய குறிப்பொன்றின் தலைப்பே, கொல்கத்தாவில் இன்னும் லைக்கன் வளர்கிறதா என்னும் கேள்விதான். அந்நிலையத்தார் 2003-இல் பெங்களூரு லால்பாக் தோட்டத்தையும் ஆராய்ந்து, பல ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட பட்டியலோடு ஒப்பிட்டனர். பழைய இனங்களுட் பலவற்றை மீண்டும் காண இயலவில்லை. எஞ்சிய லைக்கன்களில் நகரத்து உலோகங்கள் எவ்வளவு சேர்ந்துள்ளன என்பதையும் அவர்கள் அளந்தனர்.

இங்கிலாந்தில் 1970-இல் ஹாக்ஸ்வொர்த், ரோஸ் என்னும் இருவர் இதனை ஓர் அளவுகோலாகவே ஆக்கினர். மரத்தில் காணும் லைக்கன் கூட்டத்தைக் கொண்டு காற்றைப் படிப்படியாகத் தரம் பிரித்தனர். பத்தாம் படி தூய காற்று. முதற்படியில் மரத்தடியில் பச்சைப் பாசிப் படலம் மட்டுமே எஞ்சும். அங்குக் குளிர்காலச் சராசரிக் கந்தக டை ஆக்சைடு கன மீட்டருக்கு 170 மைக்ரோகிராமுக்கு மேல். இதனை எளிமையாக்கிக் கொடுத்தபோது, 1970களின் தொடக்கத்தில் பிரிட்டனின் பள்ளி மாணவர்கள் ஆயிரக்கணக்கில் கிளம்பி, தத்தம் ஊர் மரங்களைப் பார்த்து நாட்டுக்கே ஒரு காற்று வரைபடம் தயாரிக்க உதவினர்.

ஆனால் “லைக்கன் மிகுதியாக இருந்தால் காற்று நல்லது” என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடவும் கூடாது. மாட்டுச்சாணத்திலிருந்தும் உரத்திலிருந்தும் எழும் அம்மோனியாவை விரும்பிச் செழிக்கும் மஞ்சள் நிற லைக்கன்களும் உண்டு. எத்தனை என்பதைவிட எவை என்பதே கேள்வி.

கொடைக்கானல் மரங்கள் சொன்னது

இதுவரை கூறியது லைக்கன் செத்துச் சொல்லும் செய்தி. சாகாமல் சேர்த்து வைத்துச் சொல்லும் செய்தியும் உண்டு. 1986-இல் செர்னோபில் அணுவுலை வெடித்தபோது, காற்றில் வந்த சீசியம் வடதுருவப் பகுதி லைக்கன்களில் தங்கியது. லைக்கனைத் தின்னும் கலைமான்களின் இறைச்சியை, அவற்றை நம்பி வாழும் சாமி மக்கள் உண்ண இயலாமற் போயிற்று. அதனினும் நமக்கு நெருங்கியது கொடைக்கானல்.

விடுமுறையில் நம்மிற் பலர் ஏரியில் படகு விட்டு, குதிரையேறி, ஊசியிலைக் காட்டில் படமெடுத்துக்கொண்டு வரும் கொடைக்கானல்தான். காய்ச்சல் பார்க்கும் பாதரச வெப்பமானிகளைச் செய்யும் ஆலை ஒன்று 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவிலிருந்து பெயர்க்கப்பட்டு அம்மலையூருக்கு வந்தது. பின்னர் அது இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் வசமாயிற்று. ஆலையின் சுற்றுச்சுவருக்கு அப்பால் பாம்பார் சோலைக்காடு. 2001-இல், பாதரசம் படிந்த உடைந்த கண்ணாடி ஊருக்குள் பழைய பொருள் வாங்கும் கிடங்கில் கிடப்பது வெளிப்பட்டு, மக்கள் திரண்டு எதிர்க்க, அவ்வாண்டு மார்ச்சு மாதம் ஆலை மூடப்பட்டது. 2003-இல் ஏறத்தாழ 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிற்று.

கண்ணாடிக் கழிவை மூட்டை கட்டலாம். ஆவியாகிப் போனதை என்செய்வது? பாதரசம் திரவமாயினும் சாதாரண வெப்பநிலையிலேயே ஆவியாகும். அவ்வாவிக்கு நிறமில்லை, மணமில்லை. மூச்சோடு சென்று நரம்பையும் சிறுநீரகத்தையும் தாக்கவல்லது. ஆலை இயங்கிய ஆண்டுகளில் காற்றில் எவ்வளவு கலந்தது என்பதை, ஆலை மூடியபின் ஒரு கருவியைக் கொண்டுபோய் வைத்து அறிய இயலுமோ?

பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் ஐதராபாத் ஆய்வகத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகள் மரங்களிடம் சென்றனர். ஆலையின் சுற்றுப்புறம், கொடைக்கானல் ஏரிக்கரை, ஊரிலிருந்து இருபது கிலோமீட்டர் அளவில் காட்டுக்குள் இருக்கும் பேரிஜம் ஏரி ஆகிய இடங்களில் மரங்களில் வளர்ந்த லைக்கன்களையும் பாசங்களையும் எடுத்து ஆராய்ந்து, 2003-இல் முடிவை வெளியிட்டனர். ஆலையை அடுத்து எடுத்தவற்றில் பாதரசம் பன்மடங்கு மிகுந்திருந்தது. சுவரைத் தாண்டிய ஆவியை மரப்பட்டையில் ஒட்டியிருந்த உயிர்கள் குறித்து வைத்திருந்தன. அக்கருவியை எவரும் அங்கே பொருத்தவில்லை; அதற்கு மின்சாரமும் வேண்டியிருக்கவில்லை.

இவ்வாய்வில் பேரிஜம் ஏரி எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். அதுவே ஆய்வின் உயிர்நாடி என்பது என் கருத்து. ஆலைக்கு அருகில் உள்ள அளவை மட்டும் சொன்னால், இம்மலையின் இயல்பே அதுவாக இருக்கலாம் என்று ஒருவர் வாதிடலாம். அதே மலையில், அதே மழையில், ஆலைக்குத் தொலைவில் வளர்ந்த லைக்கன் அவ்வாதத்துக்கு இடந்தரவில்லை.

லைக்கன் சொல்லாததும் உண்டு. பாதரசம் காற்றில் வந்தது என்று அது சொல்லும். ஆலைக்குள் பணி செய்தவர் ஒருவரின் சிறுநீரகம் ஏன் கெட்டது என்று சொல்லாது. அவ்வழக்குத் தனியே பல ஆண்டுகள் நடந்தது. நிறுவனம் தன் ஆலையால் உடல்நலக் கேடு இல்லை என்றே கூறிவந்தது. முடிவில் 2016 மார்ச்சில், முன்னாள் தொழிலாளர் 591 பேர் தொடர்பாக, மனிதாபிமான அடிப்படையில் தொகை வழங்க உடன்பாடு ஏற்பட்டது.

மீண்டும் நம் கல்பாசிக்கு வருவோம். அது விளைவதும் இத்தகைய மலைக்காடுகளிலேயே. காற்றில் வருவதையெல்லாம் சேர்க்கும் ஒன்றை உண்கிறோம் என்றால், அது எந்த மலையில், எந்தச் சாலையோரத்தில் எடுத்தது என்று கேட்பதில் தவறில்லை. குழம்புக்கு இடுவது ஒரு சிட்டிகை. அதற்காக எவரும் டப்பாவைக் காலி செய்யவேண்டா!

ஈசா டவுன் மரங்கள் ஏன் பேசவில்லை?

இக்கட்டுரையைப் படித்துவிட்டு ஈசா டவுன் தெருக்களில் மரங்களைப் பார்க்கப் புறப்படும் மாணவருக்கு ஏமாற்றமே கிட்டும். பேரீச்சை, வேம்பு, வரிசையாக நட்ட கொனோகார்ப்பஸ் ஆகியவற்றின் பட்டைகளில் தூசியுண்டு. லைக்கனைக் காண்பது அரிது. இத்தீவில் 1932-இல் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது. சில ஆண்டுகளில் சுத்திகரிப்பு ஆலை வந்தது. 1971-இல் அலுமினிய உருக்காலை தொடங்கிற்று. வேல்ஸ் நாட்டின் ஆங்கில்சி தீவில் அலுமினிய ஆலையைச் சூழ்ந்த லைக்கன்களில் ஃபுளோரைடு சேர்ந்ததை ஆய்வாளர் கண்டுள்ளனர். ஆகவே இங்கும் லைக்கனைக் கொன்றது ஆலைப்புகையே என்று முடிவுகட்டிவிடலாமா?

கூடாது. செத்தது என்று சொல்ல, முன்னர் இருந்தது என்று காட்டவேண்டும். பஹ்ரைனில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை 70 முதல் 80 மில்லிமீட்டர் அளவே. கோடையில் காற்றில் ஈரம் உண்டு; ஆனால் வெப்பமும் உண்டு. வெப்பமான ஈர இரவில் லைக்கன் ஒளியின்றி விழித்திருந்து, பகலில் சேர்த்த உணவைச் செலவழித்துவிடும். தெருமரங்களோ இளையவை, வேருக்கு நீர் ஊற்றுகிறோமேயன்றிப் பட்டையை நனைப்பதில்லை. லைக்கன் இல்லாமைக்கு இத்தனை காரணங்கள் இருக்கையில், காற்றை மட்டும் கூண்டில் ஏற்றுவது நீதியாகாது. அதுபோலவே, லைக்கன் எதுவும் சாகவில்லை, ஆகவே காற்று தூயது என்றும் கூறலாகாது. இங்கே காற்றை அறிய, அரசின் அளவீட்டு நிலையங்கள் தரும் எண்களையே நாடவேண்டும்.

வளைகுடா என்றாலே லைக்கன் இல்லை என்பதும் பிழை. ஓமானின் ஸலாலாவுக்குச் சென்று வந்தோர் நம்மிடையே உளர். ஜூன் முதல் செப்டம்பர் வரை கரீஃப் பருவத்தில் கடலிலிருந்து வரும் மூடுபனி தோஃபார் மலைகளை நனைக்கிறது. அங்கு மரக்கிளைகளில் லைக்கன்கள் அடர்ந்து வளர்கின்றன. அடுத்த முறை அருவியைப் படமெடுப்பவர்கள் அருகிலுள்ள மரத்தையும் ஒருமுறை படமெடுத்து வாருங்கள்.

பெரும்பாலோர்க்கு வாய்ப்பது ஜூலை, ஆகஸ்டு விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போதுதான். பெற்றோர்கள் இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். வீட்டுக்கு அருகில் ஒன்று, பேருந்து ஓடும் சாலையோரத்தில் ஒன்று என ஒரே வகை மரங்கள் இரண்டைத் தேர்ந்தெடுங்கள். மாமரத்தைத் தென்னையோடு ஒப்பிடாதீர்கள். பட்டையின் தன்மை வேறு. தஞ்சையைக் கொடைக்கானலோடும் ஒப்பிடாதீர்கள். சமவெளியின் வெப்பத்தில் புதர் வகை இல்லாதிருப்பது இயல்பே. பத்துச் சென்டிமீட்டர் சதுரங்கள் ஐந்தை ஏணிபோல அடுக்கி, அட்டையில் ஒரு சட்டம் செய்து, மார்பளவு உயரத்தில் மரத்தின் நான்கு புறமும் வைத்து, ஒவ்வொரு சதுரத்திலும் எத்தனை வகைத் திட்டுகள் உள்ளன என்று எண்ணிக் குறியுங்கள். ஐரோப்பிய ஆய்வாளர் கையாளும் முறையும் ஏறத்தாழ இதுவே. பெயர் தெரியவேண்டிய கட்டாயமில்லை. சாம்பல் வட்டம், வெள்ளைப் பொருக்கு, மஞ்சள் புள்ளி என எழுதினாலும் ஆகும். சாம்பல் வெண்மையில் ரோசாப்பூப்போல வட்டமாகப் படிந்திருப்பது பிக்ஸின் கோக்கோயஸ் ஆக இருக்கலாம். மாசை ஓரளவு தாங்கும் அவ்வினத்தை இந்திய நகரங்களில் ஆய்வுக்கு மிகுதியாகப் பயன்படுத்துகின்றனர். தென்னையின் பெயரைத் தாங்கிய அவ்வினத்துக்கு இன்றைய பெயரை இட்டவரும் நம் நைலாண்டரே.

எதையும் சுரண்டி எடுக்கவேண்டா. பத்தாண்டு வளர்ச்சி ஒரு நகக்கீறலில் போய்விடும். அருகில் ஒரு நாணயத்தை வைத்துப் படமெடுத்துக்கொண்டால் அடுத்த விடுமுறையில் அதே திட்டை அளந்து ஒப்பிடலாம். மரம் நட்ட ஆண்டைத் தாத்தா, பாட்டியிடம் கேட்டு மறவாமல் எழுதிக்கொள்ளுங்கள். மரத்தின் வயது தெரியாவிடில், அதன்மேல் லைக்கன் குறைந்திருப்பது காற்றாலா, மரத்தின் இளமையாலா என்று பிரித்தறிய இயலாது.